சுறா எண்ணெய் பூசிய பியானோ

தபசுகாலத்தின் இரண்டாம் வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். நேரம் நன்றாக நினைவிருக்கிறது. மூன்று மணி இறை இரக்கச் செபத்தை முடித்து எழுந்தபோது சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஐந்து மணிக்குக் கோவிலில் சிலுவைப்பாதை. இன்னும் ஒரு மணி நாற்பது நிமிடம் இருக்கிறது, அதற்குள் வேலையை முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பிறகு என் மகளின் பியானோவின் முன்பலகையைக் கழற்றிச் சுவரில் சாத்திவிட்டு, ஒரு கோழியிறகைச் சுறா எண்ணெயில் தோய்த்தேன்.

இதை எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. செய்த வழியைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதினால் புள்ளி தரமாட்டேன் என்று இருபத்தெட்டு வருடமாக வகுப்பில் சொல்லிவருகிறேன். கணித ஆசிரியை. என்னுடைய வழியையும் ஒருமுறை எழுதிப் பார்க்கத்தான் வேண்டும்.

எங்கள் வீடு வங்காலையில், கடற்கரையிலிருந்து நாலு நிமிட நடை தூரத்தில் இருக்கிறது. நானும் மகளும்தான். அவளுடைய அப்பா அவளுக்குப் பத்து வயதாக இருந்தபோது மாரடைப்பில் போய்விட்டார். மகள் ஜாஸ் பியானோ வாசிப்பவள். ஊரில் யாராவது, "மகள் இப்ப என்ன செய்யிறா?" என்று கேட்டால், "பியானோ வாசிக்கிறா" என்பேன். "எந்தக் கோவிலில?" என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். அவர்களைக் குறை சொல்லமுடியாது. எனக்கே ஜாஸ் என்றால் என்னவென்று இன்றைக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது.

அவளும் கோவிலில்தான் தொடங்கினாள். அப்பா இறந்த அந்த வருடமே பாடகர் குழுவுக்கு ஓகன் வாசிக்க உட்கார்ந்துவிட்டாள். கால் தரையில் எட்டாது. ஆறு மாதம் கழித்துப் பாடகர் குழுவை நடத்தியவர் என்னிடம் வந்தார்.

"ரீச்சர், உங்கட பிள்ளை நல்லாத்தான் வாசிக்குது. ஆனா பாட்டுக்குள்ள வேற ஒரு பாட்டை வைச்சு வாசிக்குது. நாங்கள் எதைப் பாடுறது?"

அவளைக் கூப்பிட்டு, "உள்ளதை உள்ளபடி வாசி பிள்ளை" என்றேன்.

"உள்ளதைத்தானம்மா வாசிக்கிறன். அது அதுக்குள்ள கிடந்தது."

உயர்தரப் பரீட்சை முடித்தபின் கணினி படிக்கக் கொழும்புக்கு அனுப்பினேன். பின்னேரங்களில் மேலதிக வகுப்பு என்று சொன்னாள். ஒரு வருடம் நம்பினேன். உண்மையைச் சொன்னவர் எங்கள் ஊரிலிருந்து கொழும்புக்கு மீன் கொண்டுபோகும் லொறிச் சாரதி. சந்தையில் என்னைக் கண்டு, "உங்கட மகள் அந்தச் சாப்பாட்டுக் கடையில நல்ல மாதிரி வாசிக்கிறா ரீச்சர். நண்டு இறக்கேக்க பார்த்தனான்" என்றார். அவர் முறைப்பாடாகச் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொன்னார். நான்தான் மீன் வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினேன்.

அடுத்த சனிக்கிழமை சொல்லாமல் கொழும்புக்குப் போனேன். கடல் பார்த்த உணவகம். மேசைகளில் நண்டு உடைக்கிற சத்தம். மூலையில் ஒரு கறுத்தப் பியானோ, அதற்குப் பக்கத்தில் டிரம்ஸ் அடிக்கிற ஒருவர், ஆளுயர வயலின் போன்ற ஒன்றை நின்றபடி மீட்டுகிற இன்னொருவர். நடுவில் என் மகள், கண்ணை மூடிக்கொண்டு. ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. அவளும் ஒருவரையும் பார்க்கவில்லை. தெரிந்த பாட்டு ஒன்று தொடங்கியது. பிறகு அது எங்கேயோ போய்விட்டது. நான் கதிரையின் விளிம்பைப் பிடித்தபடி, இவள் வழி தவறிவிட்டாள், எல்லோர் முன்னும் அவமானப்படப் போகிறாள் என்று பயந்துகொண்டே இருந்தேன். சந்தியில் பிள்ளையின் கையை விட்டுவிட்ட மாதிரி. பாட்டு திரும்பி வந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் அதில் கால் வைத்தார்கள். டிரம்ஸ்காரர் சிரித்தார்.

என்னைக் கண்டதும் அவளுடைய முகம் வெளுத்தது. நான் திட்ட வந்ததை மறந்து, "நடுவில என்ன நடந்தது?" என்றுதான் கேட்டேன்.

"நீங்கள் ஒரு கணக்கை மூண்டு விதமாச் செய்து காட்டுவீங்கள் எல்லே. கேள்வி ஒண்டுதான். வழி ஒவ்வொரு நாளும் வேற."

"விடை?"

"விடையில ஒருத்தருக்கும் அக்கறை இல்லை அம்மா" என்று சொல்லிச் சிரித்தாள். அன்று இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். கணினிப் படிப்பைப்பற்றி அதன்பின் நான் பேசவில்லை.

பிறகு கட்டார். ஒரு பெரிய ஹோட்டலின் முன்மண்டபத்தில், செயற்கை நீரூற்றுக்குப் பக்கத்தில், கிழமையில் ஆறு நாள், நாளுக்கு நாலு மணித்தியாலம். "முதல் மூண்டு மணித்தியாலம் அவங்களுக்கு, கடைசி ஒண்டு எனக்கு" என்பாள். அந்தக் கடைசி ஒன்றுக்காகத்தான் ஐந்து வருடம் தாக்குப்பிடித்தாள். சொந்தமாகப் பாட்டுகள் கட்டத் தொடங்கியதும் அங்கேதான். தொலைபேசியை நீரூற்றுப் பக்கமாக வைத்து எனக்குக் கேட்கச் செய்வாள். ஒரு பாட்டில் எங்கள் ஊரில் தபசுகாலத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கத்தை ராகமாகப் பாடும்போது பெண்கள் மூச்செடுக்க நிறுத்துகிற இடம் வந்தது. ராகம் இல்லை, அந்த நிறுத்தம் மட்டும். எனக்கு உடனே பிடிபட்டது. ஜாஸில் எனக்கு விளங்கிய ஒரே இடம் அதுதான்.

இரண்டாம் வருட விடுமுறையில் கொழும்பை விட்டுப் போகிற ஒரு குடும்பத்திடமிருந்து பழைய பியானோ ஒன்றை வாங்கினாள். நிமிர்ந்து நிற்கிற, அலுமாரி போன்ற வகை. அதே சாரதிதான் மீனை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் லொறியில் அதை வங்காலைக்குக் கொண்டுவந்தார். எட்டுப் பேர் சேர்ந்து இறக்கினார்கள். "இதுக்குப் பத்து சுறா தூக்கியிருக்கலாம்" என்றார் ஒருவர். கழுவிய லொறிதான், ஆனாலும் பல மாதங்களுக்குப் பியானோவைத் திறந்தால் மீன் வாடை வரும். "உலகத்திலேயே மீன் மணக்கிற பியானோ எங்களிட்ட மட்டும்தான் இருக்கும்" என்று மகள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பின்னால் இந்தப் பகிடிதான் எனக்கு ஒளிந்துகொள்ள இடம் தந்தது.

கடந்த வருட முடிவில் அவளுடைய வலது கை பிழைக்கத் தொடங்கியது. வாசிக்கும்போது மட்டும் மோதிரவிரலும் சின்னவிரலும் உள்ளே மடங்கின. நோவு இல்லை. தேநீர்க் கோப்பை பிடிக்கலாம், பின்னல் போடலாம். பியானோக் கட்டையில் வைத்தால் மடங்கும். இரண்டு நாள் விடுப்பில் கொழும்புக்கு வந்து பார்த்த நரம்பு வைத்தியர், தசையில் பிழையில்லை, மூளை விரலுக்கு அனுப்புகிற செய்தி குழம்பிவிட்டது என்றார். மருந்து பெரிதாக இல்லை. ஹோட்டல் வேலையை விடவேண்டும். பாரமான கட்டைகள் உள்ள உண்மையான பியானோவில், மெதுவாக, ஒவ்வொரு விரலாக, சின்னப்பிள்ளை படிக்கிற மாதிரி முதலிலிருந்து தொடங்கவேண்டும். கையைப் பார்க்கக்கூடாது. கண்ணை மூடி, கட்டை விரலுக்குத் தருகிற பாரத்தை மட்டும் உணரவேண்டும். சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது.

"வீட்டில பியானோ இருக்கு" என்று அவள் வைத்தியரிடம் சொன்னாளாம். அதை எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவளுடைய குரலில் ஒரு நிம்மதி இருந்தது. பழைய டிரம்ஸ்காரர் ஒரு மூவர் குழு தொடங்கப் போகிறார், அவளுடைய சொந்தப் பாட்டுகளை வாசிப்பதற்கென்றே. பெரிய நாள் என்று நாங்கள் சொல்லும் உயிர்ப்புத் திருநாள் வரைக்கும் அவளுக்காக இடத்தை வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தார். கட்டாரில் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு அவள் வருவதற்கு ஒன்றரை மாதம் இருந்தது.

"கம்பியெல்லாம் கறள் பிடிச்சிட்டுதோ அம்மா?"

"இல்லைப் பிள்ளை. போர்த்து மூடித்தான் வைச்சிருக்கிறன்."

"ஒண்டையும் தொடாதேங்கோ. பெரிய நாள் கழிஞ்ச செவ்வாய்க்கிழமை கொழும்பிலயிருந்து சுருதி சேர்க்கிறவர் வருவார். அவர் பார்ப்பார்."

நான் பொய் சொன்னேன். கறள் பிடித்திருந்தது. நாலு வருடச் சோளகத்தில், தென்மேற்கிலிருந்து வரும் உப்புக் காற்றில் நின்ற இரும்பு வேறெப்படி இருக்கும்? கம்பிகள் செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டன. அவளுக்குக் கெட்ட செய்தி சொல்வதில்லை என்பது என்னுடைய பழைய பழக்கம். யுத்தத்தால் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் அவள் சின்னப்பிள்ளை. வீடு எப்படியம்மா இருக்கும் என்று கேட்கும்போதெல்லாம், நல்லா இருக்கும் பிள்ளை என்று சொல்லிச் சொல்லியே நாக்கு அப்படிப் பழகிவிட்டது. சொல்லிவிட்டு, அவள் வருவதற்குள் சரியாக்கிவிடவேண்டும் என்று தவிப்பேன்.

என் அப்பாவுக்கு மரவள்ளம் இரண்டு இருந்தது. எங்கள் வீட்டில் சுறா எண்ணெய் படாத பொருள் இருக்கவில்லை. வள்ளத்தின் பலகை, நங்கூரச் சங்கிலி, கதவின் பிணைச்சல், அம்மாவின் தையல் மெசின். கடலுக்குள்ளேயே கிடக்கிற மரத்தையும் இரும்பையும் அந்த எண்ணெய் இருபது வருடம் காப்பாற்றியது. வீட்டுக்குள் நிற்கிற மரத்தையும் இரும்பையும் காப்பாற்றாதா? இதுதான் என் தர்க்கம். இப்போது பைபர் வள்ளங்கள் வந்துவிட்டதால் ஊரில் அந்த எண்ணெய் கிடைக்கவில்லை. ஓலைத்தொடுவாயில் இருக்கும் ஒரு சொந்தக்காரரிடம் சொல்லிவைத்து இரண்டு போத்தல் எடுப்பித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை கம்பிகளுக்குப் பூசினேன். கம்பிகளைச் சுற்றி இறுக்கியிருக்கும் ஆணிகளுக்குப் பூசினேன். இருநூறுக்கு மேல் இருக்கும், ஒன்றையும் விடவில்லை. கம்பியை அடிக்கிற சின்னச் சுத்தியல்களின் கம்பளி காற்றில் காய்ந்து இறுகிப்போயிருந்த மாதிரித் தெரிந்தது. அதற்கும் பூசினேன். உள்ளே அசைகிற ஒவ்வொரு மரத்துண்டின் மூட்டுக்கும் இறகு நுனியால் ஒரு சொட்டு. எண்ணெய் தடிப்பாக இருந்ததால் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தேன். கறள் கரைந்து கம்பிகள் பளபளத்தன. நாலே முக்காலுக்குக் கையைக் கழுவிக்கொண்டு சிலுவைப்பாதைக்குப் போனேன். பதினாலு நிலைகளிலும் எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

மூன்று கிழமை கழித்து மகள் வந்தாள். மெலிந்திருந்தாள். பையை வைத்த கையோடு பியானோவைத் திறந்தாள். "மீன் மணம் இன்னும் போகேல்லை" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு ஒரு கட்டையை அழுத்தினாள். தலையணைக்குள் மணி அடித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"சத்தம் செத்துப்போச்சே அம்மா."

"கடல் காத்துப் பிள்ளை."

"பரவாயில்லை. எனக்கு இப்ப சத்தம் தேவையில்லை. பாரம்தான் வேணும்."

அடுத்த நாள் காலையில் தொடங்கினாள். ஒரு விரல், ஒரு கட்டை. கண்ணை மூடியபடி. நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்வரும்வரை அதே ஐந்து கட்டைகள். முதல் மூன்று நாளும் அப்படியே போயின. நாலாம் நாள் நான் வந்தபோது அவளுடைய கன்னம் நனைந்திருந்தது.

"நாலாம் விரல் எழும்புதில்லை அம்மா. எழும்பினது மாதிரி இருக்கு, ஆனா அடுத்த முறை குத்தேக்க கட்டை இல்லை. விரல் கீழதான் நிக்குது போல. எனக்கே தெரியேல்லை."

"இன்னொருக்கா செய் பாப்பம்" என்று அவளுக்குப் பின்னால் போய் நின்றேன்.

அவள் கண்ணை மூடினாள். மோதிரவிரலை அழுத்தினாள். எடுத்தாள். விரல் மேலே இருந்தது. கட்டை கீழே இருந்தது. மெதுவாக, ஓட்டை டயருக்குக் காற்று அடித்த மாதிரி, கட்டை பாதி உயரத்துக்கு வந்து நின்றது. அதற்குள் அவள் மறுபடியும் குத்தினாள். சத்தம் வரவில்லை.

"பார்த்தீங்களா" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

நான் பார்த்தேன். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கவேண்டிய வசனம் ஆறு சொல்லுக்கு மேல் போகாது. "களைச்சுப்போனாய், சாப்பிடு" என்றேன்.

மறுநாள் அவள் கடற்கரைக்கு நடக்கப் போன நேரத்தில் முன்பலகையைக் கழற்றி, எண்ணெயைத் துணியால் ஒற்றினேன். கைக்குழந்தைக்குப் போடுகிற பவுடரைத் தூவினால் எண்ணெயை உறிஞ்சும் என்று தோன்றியது. ஒரு முழு டப்பாவையும் தூவினேன். எண்ணெயும் பவுடரும் சேர்ந்து பசையாகி மூட்டுக்குள் இறங்கின. அதற்குப் பிறகு ஐந்தாம் விரலின் கட்டையும் எழும்பவில்லை. அவள் அதைத் தன்னுடைய ஐந்தாம் விரலின் கணக்கில் எழுதினாள்.

சொந்தக் கையை நம்பாத ஒருத்தி கட்டையைச் சந்தேகப்படமாட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டு விரலும் ஏற்கெனவே அவளைக் காட்டிக்கொடுத்திருந்தன. என்ன நடந்தாலும் அவள் அவற்றைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினாள்.

பத்தாம் நாள், குருத்தோலை ஞாயிறுக்கு அடுத்த திங்கட்கிழமை, பியானோவை மூடிவிட்டுக் குசினிக்குள் வந்தாள்.

"அம்மா, கை போயிட்டுது."

"கொஞ்ச நாள் பொறு பிள்ளை. சுருதி சேர்க்கிறவர் வந்து..."

"அவர் பியானோவுக்குத்தானே சுருதி சேர்ப்பார்." தண்ணீர் வார்த்துக் குடித்தாள். "நான் அவைக்குச் சொல்லிப்போட்டன், வேற ஆளைப் பாக்கச் சொல்லி. டிரம்ஸ்காரர் வியாழக்கிழமை வரைக்கும் யோசியுங்கோ எண்டவர். யோசிக்க என்ன இருக்கு?"

அன்று அவள் அழவில்லை. தன்னுடைய நோட்டுக் கொப்பிகளை எல்லாம் கட்டி அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அந்தப் பாட்டும், மூச்செடுக்கிற நிறுத்தமும் அதற்குள்தான் இருந்தன. நான் கதிரையைப் பிடித்துக் கொடுத்தேன்.

புதன்கிழமை பின்னேரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எங்கள் பங்குச் சுவாமி என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் படித்தவர். வலைப்பலகைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். எண்ணெய், பவுடர், பொய், பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருந்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

"ரீச்சர், பியானோவுக்கு எண்ணெய் பூசினது பாவமில்லை. அது பிழை. பாத்துக்கொண்டு இருந்தது வேற."

"ஓம் சுவாமி."

"எனக்குச் சொல்லிப் போதாது. பிள்ளைக்குச் சொல்லுங்கோ. இண்டைக்கே."

பாவமன்னிப்புத் தந்தார். மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். முழந்தாளில் நின்று சொன்னேன். எழும்பியபோது தோளிலிருந்து ஒரு சாக்கு இறங்கிய மாதிரி இருந்தது. வெளியே வந்தேன், காற்று நன்றாக இருந்தது, மதிலோரம் இரண்டு பேரோடு நின்று கதைத்தேன். என்னைப்போலச் சின்ன வயதிலிருந்து மாதம் ஒருமுறை அந்தப் பலகைக்கு முன்னால் முழந்தாளிட்டுப் பழகியவர்கள் மட்டும்தான் இந்தத் தவறைச் செய்வார்கள். சொல்லிவிட்டேன் என்று என் நெஞ்சு நினைத்துக்கொண்டது. யாரிடம் சொன்னேன் என்று அது பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, அவள் படுத்திருப்பதைக் கண்டு, பெரிய வெள்ளி கழியட்டும், பிள்ளை பெரிய நாளுக்கு நிம்மதியாக இருக்கட்டும் என்று எனக்கு நானே ஒரு தவணை கொடுத்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை. அந்தத் தவணைக்குள் டிரம்ஸ்காரர் தந்த தவணை முடிந்தது.

சனிக்கிழமை காலை அவள் பாஸ்கா இரவுத் திருப்பலிக்கு வெள்ளைச் சட்டையை இஸ்திரிப்பெட்டியால் அழுத்திக்கொண்டிருந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். முன்னேற்பாடு எதுவும் இல்லாமல் வாயிலிருந்து வந்தது.

"பிள்ளை, கை போகேல்லை."

"விடுங்கோ அம்மா. ஆறுதல் சொல்லாதேங்கோ."

"ஆறுதல் இல்லை. நான் பியானோவுக்கு எண்ணெய் பூசினனான்."

"என்ன எண்ணெய்?"

"சுறா எண்ணெய்."

அவள் சிரித்துவிட்டாள். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருக்கவேண்டும். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"எங்க பூசினீங்கள்?"

"எல்லா இடமும்."

"அதால கட்டை எழும்பேல்லையோ?"

"ஓம். நான் கண்டனான். விரல் மேல நிக்க, கட்டை கீழ நிண்டது."

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அப்ப பத்து நாளும் உங்களுக்குத் தெரியும்."

"பத்து நாள் இல்லை. நாலாம் நாள்தான் கண்டனான்."

சொல்லும்போதே அந்தத் திருத்தம் எவ்வளவு கேவலமானது என்று தெரிந்தது. அவள் அதை எடுத்து என் முன்னாலேயே கழித்தாள்.

"ஆறு நாள்" என்றாள். "ஆறு நாள் என்னைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்."

"டிரம்ஸ்காரருக்கு இப்பவே போன் எடு பிள்ளை. நான் கதைக்கிறன். என்ர பிழை எண்டு நான் சொல்லுறன்."

"வியாழக்கிழமை ஆள் எடுத்திட்டாங்கள். நல்லா வாசிக்கிற ஆள்தான்." சட்டையை மடித்தாள். "கை போகேல்லை எண்டு சொல்லுறீங்கள். உங்களுக்கு எப்பிடித் தெரியும்? கைக்கு வருத்தம் இருக்கு. எவ்வளவு வருத்தம் எண்டுதான் தெரியாது. அதை அளக்கிறதுக்கு என்னட்ட இருந்தது அது ஒண்டுதான். அளவுகோலை முறிச்சுப்போட்டு நீளத்தைச் சொல்லுறீங்கள்."

சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டையை அலுமாரியில் வைத்தாள். அன்றிரவு அவள் கோவிலுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு கோப்பை தேநீர் போட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நான் அதைக் குடிக்கவும் முடியாமல் ஊற்றவும் முடியாமல் மத்தியானம் வரை அதன் முன்னால் இருந்தேன். திங்கட்கிழமை அவள் பேசிய ஒரே வசனம், "நாளைக்கு அந்த மனுசன் வருவார், கேற்றைத் திறந்து வையுங்கோ" என்பது.

செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு ஓட்டோ ஒன்று வந்து நின்றது. சுருதி சேர்க்கிறவர். கொழும்பில் கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிறவர், எழுபது வயது இருக்கும், ஒல்லியான மனிதர். பேருந்தில் வழி முழுவதும் நின்றே வந்ததாகச் சொன்னார். தோளில் தோல் பை. மகள் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்தபடி அறை வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

அவர் உட்காருவதற்கு முன்பே நான் சொன்னேன். "ஐயா, இதுக்குச் சுறா எண்ணெய் பூசினது நான். பவுடரும் போட்டனான். மகளுக்குச் சொல்லாமல் செய்தனான்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். முன்பலகையைக் கழற்றினார். உள்ளே விரலை விட்டு, எடுத்து, மணந்தார்.

"எங்க பக்கம் ஒருத்தர் தேங்காயெண்ணெய் ஊத்தியிருந்தாரு. சுறா எண்ணெய் எனக்கு இதுதான் முதல் தடவ" என்றார். கேலியாக இல்லை, ஒரு தகவலாகச் சொன்னார். "சீனி இல்லாம ஒரு பிளேன்டீ தர்றீங்களாம்மா?"

நான் தேநீரோடு வந்தபோது அவர் ஒரு ஆணியில் சாவியைப் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். கம்பி மேலே போய் ஒரு நல்ல சத்தத்துக்கு வந்தது. அவர் கையை எடுத்தார். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் வழுக்கிக் கீழே இறங்கியது. இன்னொரு ஆணி. அதுவும் இறங்கியது. பத்துப் பன்னிரண்டு ஆணிகளை அப்படிப் பார்த்துவிட்டுச் சாவியைப் பைக்குள் வைத்தார். ஒரு சுத்தியலைப் பிதுக்கினார். விரலிடுக்கில் எண்ணெய் வந்தது.

"இதுல எத்தன நாள் வாசிச்சீங்க மகள்?"

"பத்து நாள்" என்றாள் வாசலில் நின்றபடி. "கைக்கு வருத்தம். அதுக்காகத்தான் வாசிச்சனான்."

அவர் உட்கார்ந்தார். ஒரே கட்டையை மோதிரவிரலால் வேகமாக எட்டுத் தரம் குத்தினார். இரண்டு தரம்தான் சத்தம் வந்தது. திரும்பி அவளைப் பார்த்தார். மறுபடியும் எட்டுத் தரம். இந்த முறை ஒன்று. அவள் வாசலை விட்டு உள்ளே வந்து, பியானோவின் பக்கத்தில் நின்று, அவருடைய விரலைக் குனிந்து பார்த்தாள்.

தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு அவர் சொன்னார்: "இது முடிஞ்சிருச்சு மகள். ஆணி நிக்கிற மரம் எண்ணெய் குடிச்சிருச்சு, இனிப் பிடிக்காது. நான் ஆசை காட்டமாட்டேன். உங்க கையப் பத்தி எனக்குத் தெரியாது. அது முடிஞ்சிருக்கலாம், முடியாமலும் இருக்கலாம். ஆனா இந்தப் பத்து நாள வச்சு அத முடிவு பண்ணாதீங்க. என் வீட்டு ஹால்ல ஒண்ணு நிக்குது. பகல்ல யாரும் இருக்கமாட்டாங்க. வந்து உக்காந்து பாருங்க. அம்மா வேணாம், நீங்க மட்டும் வாங்க."